கிட்டங்கித் திடல்ல ரெண்டாவது மாடி

அக்கா, காலைக் கொஞ்சம் பாத்து வைங்க. அது தண்ணி கேன். மூடி லூசு.

குடிக்கிற தண்ணிதான். ஹாஸ்டல்ல பிடிச்சது, வீட்டுக்குக் கொண்டு போறேன். சிரிக்காதீங்க. எல்லாப் பிள்ளைகளும் வீட்ல இருந்து ஹாஸ்டலுக்கு முறுக்கு, ஊறுகாய்னு தூக்கிட்டு வரும். நான் ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்குத் தண்ணி தூக்கிட்டுப் போறேன்.

நீங்க எங்க இறங்கணும்? வல்லநேரியா? நான் கடைசி ஸ்டாப்பு. கரடிப்பாறை. ஆமா, அந்த பிளாக்குதான். ஊருக்கு வெளிய பாறைக்குப் பின்னாடி வரிசையா நிக்குதே, அதுதான் எங்க வீடு. பாத்தீங்களா, மூஞ்சி மாறுது. பரவால்லக்கா, பைய எடுத்து மடியில வச்சுக்கோங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். பழகிருச்சு.

அய்யோ, கோவமெல்லாம் இல்ல. என் குரலே இப்படித்தான். எம்.ஏ. படிக்கிறேன், பொருளாதாரம். பேரு சங்கவி. எங்க அம்மா சொல்லுவாங்க, நீ "சாப்பிட்டியா"ன்னு கேட்டாகூட சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி இருக்குன்னு. சொல்லுவாங்க, இப்ப இல்ல. இப்ப ரொம்பப் பேசுறதில்ல.

ஏன் அங்க போய்க் கிடக்கீங்கன்னு கேக்குறீங்க. நல்லாக் கேட்டீங்க. நாங்களா போனோம்? சிட்டிக்குள்ள வாய்க்கால் கரையில இருந்தோம்க்கா. அம்மா அங்கதான் வாழ்க்கைப்பட்டு வந்தாங்க, அப்பா அங்கதான் செத்தாரு. ஒரு ரூமு, தகரம் போட்டது. மழை வந்தா வாய்க்கால் உள்ள வந்து விசாரிச்சுட்டுப் போகும். ஆனா அம்மாவுக்கு வேலை பக்கத்துல. தனியார் ஆஸ்பத்திரியில வார்டு ஆயா. காலையில ஆறு மணி ட்யூட்டிக்கு அஞ்சே முக்காலுக்குக் கிளம்பினாப் போதும், நடந்து போயிருவாங்க.

வாய்க்கால அகலப்படுத்தணும், எல்லாரும் காலி பண்ணணும்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க. சரி, சொன்னா சொல்லட்டும். எங்களுக்கு இடம் காட்டினாங்கல்ல. கிட்டங்கித் திடல். பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கி இருந்துச்சு, மில்லு மூடினதும் அதை இடிச்சுட்டு சும்மா போட்டிருந்தாங்க. வாய்க்கால் கரையில இருந்து கூப்பிடு தூரம். அங்க மாடி வீடு கட்டி உங்களுக்குத் தர்றோம்னாங்க. ஏட்டுல ஏத்தியாச்சு, மார்க் பண்ணிக் கல்லும் நட்டாச்சு.

அம்மா வெள்ளிக்கிழமை தவறாம ட்யூட்டி முடிச்சு அந்தத் திடல் வழியாத்தான் வருவாங்க. வெறுந்தரை அது, முள்ளும் எருக்கும். ஒரு மூலையில பெரிய வேப்பமரம். அங்க நின்னு அண்ணாந்து பாப்பாங்க. "ரெண்டாவது மாடி கிடைச்சா நல்லது பாப்பா. ஜன்னல் மரத்தப் பாத்து இருக்கணும். கீழ்வீடுன்னா தண்ணி வந்துருமோன்னே நெஞ்சு அடிச்சுக்கும்"ம்பாங்க. கட்டாத வீட்டுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டாங்க! எனக்குச் சிரிப்பா வரும்.

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். நீங்க டிக்கெட் எடுத்துட்டீங்கல்ல? சரி.

அரசாங்கம் ஒரு கணக்குப் போட்டுச்சு. சிட்டி, சிட்டியச் சுத்தி இருக்கிற ஏழு ஊரு, எல்லாம் சேர்ந்து வீடில்லாத ஏழைகளுக்கு இத்தனை ஆயிரம் வீடு கட்டணும். எந்த ஊருக்கு எவ்வளவு பங்குன்னு உக்காந்து பேசி முடிவு பண்ணிக்கோங்கன்னு சொல்லிருச்சு. சொத்துல பங்கு பிரிக்கிறப்ப எல்லாரும் கூடக் கேட்டு அடிச்சுக்குவாங்க. இங்க எல்லாரும் குறைச்சுக் கேட்டு அடிச்சுக்கிட்டாங்க. சிட்டிக்குத்தான் பெரிய பங்கு. மூவாயிரம்.

கூட்டத்த ஒரு கல்யாண மண்டபத்துல வச்சாங்க. முந்தின நாள் கல்யாணம் நடந்திருக்கு. மேடையில சப்-கலெக்டர், மேயரம்மா, இன்ஜினியர் எல்லாரும் உக்காந்திருக்காங்க, பின்னாடி தெர்மாகோல்ல மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும், நடுவுல ஒரு இதயம். அதக்கூடக் கழட்டல. நாங்க கீழ நாற்காலியில, மொய் எழுத வந்தவங்க மாதிரி.

எங்க ஆளுக ஒரு முப்பது பேரு போயிருந்தோம். கூட்டிட்டுப் போனது தவமணி மாமா. ஆட்டோ ஓட்டுறவரு, கரையில சங்கத் தலைவர் மாதிரி. மண்டப வாசல்ல எல்லாரையும் நிறுத்திச் சொன்னாரு: "கிட்டங்கி நமக்குன்னு ஏறியாச்சு. உள்ள போயி யாரும் வாயத் தொறக்காதீங்க. கை தட்டச் சொன்னா தட்டுங்க. சாப்பாடு போட்டா சாப்பிடுங்க. வந்துருங்க." அப்புறம் என்னையப் பாத்து, "சங்கவி, உனக்குத்தான் சொல்றேன்"ன்னாரு. இது ஒரு போராட்ட முறையா, சொல்லுங்க? கை தட்டிட்டு வர்றதாம்.

ஒவ்வொரு ஊராக் கூப்பிட்டாங்க. ஒருத்தர் எந்திரிச்சாரு, எங்க ஊர்ல ஏரி இருக்கு, வீடு கட்டினா முங்கிரும்னாரு. அடுத்தவர், எங்க ஊர்ல இருக்கிறது பூராம் கோயில் நிலம்னாரு. இன்னொருத்தர் இருக்காரு பாருங்க, "ஐயா, எங்க ஊர்ல குரங்குத் தொல்லை. நாலாவது மாடியில பிள்ளைகளக் குரங்கு கடிச்சா யாரு பொறுப்பு?"ங்கிறாரு. அத இன்ஜினியர் எழுதிக்கிறாருக்கா! குரங்குன்னு எழுதிக்கிறாரு!

அப்புறம் உங்க வல்லநேரி சேர்மன். குணாளன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. வெள்ளைச் சட்டை, மோதிரம். "எங்க ஊர்ல சொட்டுத் தண்ணி இல்லீங்கய்யா. தாய்மார்கள் குடத்தத் தூக்கிட்டு..."ன்னு தொண்டை அடைக்குது. அதே மண்டப வாசல்ல அவரு மச்சான் பிளாட் போட்ட போர்டு நிக்குது. "வல்லநேரி அவென்யூ, முப்பது அடியில் சுவையான குடிநீர்." இவரு போட்டோவும் அதுல சிரிக்குது. நான் உக்காந்த இடத்துல இருந்தே சத்தமாச் சொன்னேன், "சார், வாசல்ல உங்க போர்டு முப்பது அடியில தண்ணிங்குதே, அது யாரு கண்ணுல வர்ற தண்ணி?"ன்னு. மண்டபமே சிரிச்சுச்சு. சப்-கலெக்டர்கூட சிரிச்சாரு. மாமா என் துப்பட்டாவப் பிடிச்சு இழுத்தாரு.

வல்லநேரில இருந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்தாங்க தெரியுமா? எங்கள மாதிரி ஆளுக வந்தா ஊரு கெட்டுப் போயிரும்னு. நீங்களும் போட்டீங்களா? சும்மா சொல்லுங்கக்கா, இப்ப என்ன ஆகப் போகுது. சரி விடுங்க. ஜன்னல்ல வெயில் அடிக்குதா, திரையப் போட்டுக்கோங்க.

கடைசியில சிட்டி முறை. இன்ஜினியர் மைக்கப் பிடிச்சு, எங்க மூவாயிரத்துல ஏற்கனவே நிறைய முடிச்சுட்டோம்னு வாசிச்சாரு. போலீஸ் குவார்ட்டர்ஸ் இத்தனை வீடு. ராத்திரி பிளாட்பாரத்துல படுக்கிறவங்களுக்குக் கட்டின ஷெட்டு, அது இத்தனை வீடு. அப்புறம் சொன்னாரு பாருங்க, மாணவியர் விடுதி, ஒரு ரூம் ஒரு வீடு.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு.

ஏன்னா அந்த ஹாஸ்டல்லதான் நான் இருந்தேன். இருந்தேன்னா, கணக்குல இல்ல. வீடு எட்டு கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருந்தாத்தான் ஹாஸ்டல்ல இடம். எங்க வாய்க்கால் கரை காலேஜுக்கு ரொம்பப் பக்கம், அதனால எனக்குக் கிடையாது. ஆனா அந்த ஒத்த ரூம் தகர வீட்ல உக்காந்து படிக்க முடியாது. எப்சிபான்னு அப்ப பி.ஏ.ல என் கூடப் படிச்ச பொண்ணு, தூத்துக்குடிப் பக்கம், அவ ரூம்ல திருட்டுத்தனமாத் தங்கிக்குவேன். நாலு பேரு ரூம்ல எட்டுப் பேரு, நான் ஒன்பதாவது. கட்டிலுக்கு அடியில படுப்பேன். வார்டன் வந்தா எப்சிபா போர்வையத் தொங்க விடுவா. அந்த ரூம ஒரு வீடுன்னு எழுதி, ஏழைக்கு வீடு கொடுத்தாச்சுன்னு சொன்னா சும்மா இருக்க முடியுமா? நீங்க இருப்பீங்களா?

எந்திரிச்சேன். மாமா மறுபடி இழுத்தாரு. "கிட்டங்கி ஏறியாச்சு பாப்பா, கிளறாத, உக்காரு"ன்னு கெஞ்சுறாரு. துப்பட்டாவ அவரு கையிலயே விட்டுட்டு மேடை ஏறிட்டேன்.

பேசினேன்க்கா. அப்படி ஒரு பேச்சு. "சார், எட்டுப் பேருக்கு ஒரு கொடி, துணி காயாது. பாத்ரூமுக்கு வரிசையில நின்னுக்கிட்டே படிக்கிறோம். அது வீடுன்னா, நீங்க உங்க வீட்ல இருந்து ஒரு வாரம் வந்து தங்குங்க, நான் உங்க வீட்ல தங்குறேன்"னேன். "பொம்பளைப் பிள்ளை படிக்கிறதுக்கு ஒரு நல்ல கட்டடம் கட்ட வக்கில்ல, இருக்கிற ஓட்டையக் காட்டிக் கணக்க நேர் பண்றீங்களா?"ன்னேன். என்னா கைதட்டு! எங்க ஆளுகளத் தவிர எல்லாரும் தட்டினாங்க. வல்லநேரிக்காரங்கதான் ரொம்பத் தட்டினாங்க. குணாளன் எந்திரிச்சு நின்னு தட்டுறாரு, "பாப்பா பேசுறது நூத்துக்கு நூறு நியாயம்"னு.

சப்-கலெக்டர் சின்ன வயசுக்காரரு. பொறுமையாக் கேட்டாரு. "ரொம்பச் சரியான பாயிண்ட்டும்மா. என்ன வேணும், சொல்லு"ன்னாரு. சிட்டிக்குள்ள, காலேஜ் பக்கத்துல, ஒழுங்கான ஹாஸ்டல் வேணும்னேன். "இடம்?"னாரு. "இடம் கண்டுபிடிக்கிறது உங்க வேலை சார். மனசு வச்சா ஒரே நாள்ல கண்டுபிடிப்பீங்க"ன்னேன்.

ஒரு நாள்கூட ஆகலக்கா. சாப்பாட்டு இடைவேளையிலயே கண்டுபிடிச்சுட்டாங்க.

நாங்க பந்தியில பாயசம் குடிச்சுட்டு இருந்தப்ப, அவங்க மேல மணமகள் ரூம்ல உக்காந்து முடிச்சுட்டாங்க. சாப்பிட்டு வந்தா, மேயரம்மா சிரிச்ச முகமா வாசிக்கிறாங்க. மாணவியோட கோரிக்கைய ஏத்துக்கிட்டு, பழைய ஹாஸ்டல் ரூம்கள வீட்டுக் கணக்குல இருந்து எடுத்துர்றோம். புதுசா ஐந்நூறு பேர் தங்குற மாணவியர் விடுதி கட்டுறோம். இடம், கிட்டங்கித் திடல்.

எனக்கு முதல்ல விளங்கல. எங்க ஆளுக தட்டுறதா வேண்டாமான்னு மாமாவப் பாக்குறாங்க.

அப்ப வாய்க்கால் கரை ஆளுக? அதுக்கும் பதில் வச்சிருந்தாங்க. சிட்டிக்குள்ள வேற இடமில்லையாம். எங்கள வல்லநேரி ஏத்துக்கணுமாம், அதுக்குப் பதிலா ஆத்துத் தண்ணிக் குழாய வல்லநேரி வரைக்கும் சிட்டி செலவுல போட்டுத் தருமாம். காலையில தண்ணியில்லன்னு அழுத குணாளன் எந்திரிச்சு, "மனிதாபிமான அடிப்படையில ஏத்துக்கிறோம்"னாரு. ஏத்துக்கிட்ட கையோட, "இடம் மட்டும் கரடிப்பாறைப் பக்கம் பாத்துக்கலாம், அங்கதான் புறம்போக்கு காலியா இருக்கு"ன்னாரு. கரடிப்பாறை தலைவியம்மா என்ன சொல்றாங்கன்னு சப்-கலெக்டர் கேட்டாரு. அவங்க இன்னும் வரல.

ஏன் வரல தெரியுமா? அந்த ஊருக்குப் பஸ் கம்மி. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. காலை பஸ் அன்னைக்கு பிரேக்டவுன்.

ரெண்டு மணிக்கு மேல அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் வேர்த்து விறுவிறுத்து வந்தாங்க. மேடையேத்தி ஆளுக்கொரு பொன்னாடை போத்தினாங்க. எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. தீர்மானம் ஏகமனதா நிறைவேறிருச்சு. அந்த வீட்டுக்காரரு பொன்னாடையோட கீழ இறங்கி வந்து என்கிட்ட கேக்குறாரு, "தாயி, சோறு மிச்சம் இருக்கா?" ரசம்தான் இருந்துச்சு.

நான் சும்மாவா இருந்தேன்? திரும்ப மேடைக்குப் போனேன். "சார், நான் ஹாஸ்டல்தான் கேட்டேன், எங்க வீட்டு இடத்த யாரு குடுக்கச் சொன்னது?"ன்னு கத்துறேன். சப்-கலெக்டர் கோவமே படல. அதான்க்கா தாங்க முடியல. கோவப்பட்டா சண்டை போடலாம். "உன் கோரிக்கையத்தானேம்மா ஏத்துக்கிட்டிருக்கோம்"ங்கிறாரு. மேயரம்மா என் கன்னத்தத் தட்டி, "உன்னை மாதிரி பொண்ணுகதான்மா வேணும்"ங்கிறாங்க. இன்ஜினியர் மைக்க ஆஃப் பண்ணி வயரச் சுருட்டிட்டு இருக்காரு. அடுத்த கல்யாணத்துக்கு ஜமக்காளம் விரிக்க ஆளு வந்துட்டாங்க. நான் யாரப் பாத்துக் கத்துறது? அந்தத் தெர்மாகோல் இதயத்தப் பாத்துக் கத்திட்டு இறங்கினேன்.

இது என் தப்பா? சொல்லுங்க. ஹாஸ்டல் ரூம் வீடா? இல்லைல்ல? நான் அதத்தான் சொன்னேன்.

தவமணி மாமாகிட்டயும் கேட்டேன். திரும்பி வர்ற வழியில ஆட்டோவுல, "மாமா, நான் பேசினதுல ஒரு தப்பு சொல்லுங்க"ன்னேன். முன்னாடி இருந்த கண்ணாடிய வேற பக்கம் திருப்பி வச்சாரு. அப்புறம், "ஒரு தப்பும் இல்ல பாப்பா. நீ பேசினது எல்லாமே சரி"ன்னாரு. பாருங்க, அவரே சொல்லிட்டாரு. இப்ப கரடிப்பாறையில ஆட்டோவுக்கு சவாரி இல்லன்னு வித்துட்டு, குவாரியில லாரிக்கு கிளீனராப் போறாரு. பாத்தா தலைய ஆட்டிட்டுப் போயிருவாரு.

மறுநாள் பேப்பர்ல என் போட்டோ. "மாணவியின் ஆவேசப் பேச்சு, புதிய விடுதிக்கு ஒப்புதல்." ஆஸ்பத்திரியில நர்ஸம்மா காட்டியிருக்காங்க. அம்மா வார்டு வார்டா எடுத்துட்டுப் போயி எல்லா பேஷண்ட்டுக்கும் காட்டியிருக்காங்க, எம் மக, எம் மகன்னு. படிக்கத் தெரியாது. நாலாவது வார்டுல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு முழுசாப் படிச்சுச் சொல்லியிருக்காரு, இடம் எதுன்னு.

வீட்டுக்கு வந்தாங்க. நான் கட்டுரை மாதிரி பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். அம்மா திட்டினா சொல்லலாம்னு. திட்டல. குடத்துல இருந்து தண்ணி மொண்டு குடிச்சாங்க. "நல்லாப் பேசினியாமே"ன்னாங்க. அவ்வளவுதான். போயிப் படுத்துட்டாங்க.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், பஸ்ல போறப்பப் பாத்திருப்பீங்க. மனு கொடுத்தோம். கலெக்டர் ஆபீஸ், மாநகராட்சி, வக்கீல். எங்க போனாலும் அந்தப் பேப்பர எடுத்துக் காட்டுறாங்க, "உங்க பொண்ணு கேட்டதுதானே?"ன்னு. ரெண்டு கட்டடமும் ஒரே கான்ட்ராக்டர், ஒரே பெயிண்ட்டு, கிரீமும் பிரவுனும். கரடிப்பாறைக்கு லாரியில சாமான் ஏத்தின மாசம்தான் ஹாஸ்டலும் திறந்தாங்க. கரடிப்பாறையில இருந்து முதல் பஸ் புறப்பட்டு ஆஸ்பத்திரி வர்றதுக்கு எட்டாயிரும். ஆறு மணி ட்யூட்டி என்ன ஆகும்? போச்சு. பதினாலு வருஷ வேலை. இப்ப அம்மா கோழிப்பண்ணையில முட்டை பொறுக்குறாங்க. தண்ணிக் குழாய் வல்லநேரியோட நின்னுருச்சு. உங்க வீட்ல காலையிலயும் சாயந்திரமும் வருதாமே? எங்களுக்கு லாரித் தண்ணி, உப்பு. அதுக்குத்தான் இந்தக் கேன்.

அந்தப் புது ஹாஸ்டல் ஆபீஸ்ல அட்மிஷன் போட்டாங்க. நானும் போனேன். எப்சிபா படிச்சு முடிச்சுப் போயிட்டா, வேற எங்க படுக்க? வீடு எத்தனை கிலோமீட்டர்னு கேட்டாங்க. இருபத்தேழுன்னேன். "எட்டுக்கு மேல. இடம் உண்டு"ன்னு சீல் குத்திட்டாங்க. உரிமையா ஒரு கட்டில்க்கா. எனக்குன்னு ஒரு கொடி. வார்டன் வந்தா நான் ஒளிய வேண்டாம். ரூம் நம்பரக் குடுத்தாங்க, படியேறிப் போனேன், ரெண்டாவது மாடி, மூலை ரூமு. ஜன்னலத் தொறந்தேன்.

வேப்பமரம்.

கையெட்டுற தூரத்துல கிளை. நான் கேட்டு வாங்கலக்கா, சத்தியமா. அவங்களா போட்டது.

வெட்டாம எப்படி விட்டாங்கன்னு தெரியல. சுத்தி திண்டு கட்டி, பேர் எழுதி, பெஞ்சு போட்டு வச்சிருக்காங்க.

அம்மா இத்தனை மாசத்துல ஹாஸ்டலப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்ல. வந்து பாருன்னு கூப்பிட்டாலும் வர்றதில்ல. போன ஞாயித்துக்கிழமைதான், நான் தண்ணிய அண்டாவுல ஊத்திட்டு இருக்கேன், முதுகுக்குப் பின்னாடி நின்னு கேட்டாங்க. "அந்த மரத்த விட்டு வச்சிருக்காங்களா பாப்பா?"

நான் பொய் சொல்ல மாட்டேன்க்கா. சப்-கலெக்டர் முன்னாடியே சொன்னதில்ல. யாரு கேட்டாலும் உள்ளத உள்ளபடி மூஞ்சிக்கு நேராச் சொல்லிப் பழக்கம். "வெட்டிட்டாங்கம்மா"ன்னேன்.

அடுப்புல சோறு பொங்குது, அம்மா போயி மூடியத் திறந்து விட்டாங்க. அப்புறம் திரும்பிப் பாக்காமலே, "நல்லவேளை"ன்னாங்க.

என்ன நல்லவேளை? எதுக்கு நல்லவேளை? நான் வாய வச்சுக்கிட்டு எத்தனை பேர மடக்கியிருக்கேன். இந்த ஒத்த வார்த்தைக்கு என்ன பதில் சொல்றதுன்னு ஒரு வாரமா யோசிக்கிறேன். இப்ப இறங்கிப் போயி திரும்ப அந்த மூஞ்சியப் பாக்கணும்.

எந்திரிங்கக்கா, வல்லநேரி வந்துருச்சு. போறப்ப அந்தக் கேன உங்க சீட்டுல தூக்கி வச்சுட்டுப் போங்க, இனிமே இந்தப் பஸ்ல யாரும் ஏற மாட்டாங்க.